சாபிரா கேட்ட அறை

ராயபுரத்தில் துறைமுக மதிலை ஒட்டியிருந்த அந்தக் கட்டடம் முதலில் தோல் கிடங்கு. யுத்த காலத்தில் பட்டாளத்துக்காரர்கள் அதில் மூட்டை அடுக்கினார்கள். அவர்கள் காலி செய்த பிறகு கீழைக்கடல் சர்வகலாசாலை அதை வாங்கி, வெள்ளையடித்து, வாசலில் பலகை மாட்டி, தன் இரசாயனப் பகுதியைக் கொண்டுவந்து அதில் வைத்தது. வெள்ளையடித்தால் தோல் வாடை போய்விடுமா? மழை பெய்தால் சுவர் வியர்க்கும், பழைய நாற்றம் அப்படியே எழுந்து வரும். உப்புக் காற்றில் தராசுகள் துருவேறி, முள் அசையாமல் நிற்கும். குழாய் கிடையாது. பீப்பாயில் தண்ணீர் கொண்டுவந்து வைப்பார்கள். அழுகின முட்டை போல நாறும் வாயுவைச் செய்து காட்டுகிற நாளில் ஆசிரியரும் மாணவர்களும் ஒன்றாக வெளியே ஓடிப்போய் நின்று இருமுவார்கள்.

சாபிரா அங்கே வேலைக்குச் சேர்ந்தது நாற்பத்தெட்டாம் வருஷம். செய்முறை வகுப்பில் பிள்ளைகளின் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்கிற டெமான்ஸ்டிரேட்டர் உத்தியோகம். அவள் அத்தா மஜீது கப்பல்களுக்குக் கயிறும் தார்ப்பாயும் விற்கிறவர். பழைய வண்ணாரப்பேட்டையில் வீடு. பெண்ணை இவ்வளவு படிக்கவைத்ததே அதிகம், உத்தியோகத்துக்கு வேறா என்று ஜமாத்தில் நாலு பேர் கேட்டபோது, "நான் கப்பலைக் கட்டத்தான் கயிறு விக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வியாபாரத்தைப் பார்க்கப் போய்விட்டார். அதனால் சாபிராவுக்கு வீட்டில் தடையில்லை. தடை வேலை பார்க்கிற இடத்தில் இருந்தது, வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒரு தடை.

அங்கே பெண்கள் ஒதுங்க இடமில்லை. ஆபீஸை அடுத்து ஒன்று இருந்தது, அது புரொபசர்களுக்கு. மாணவர்களுக்கு ரயில்வே மதில் இருந்தது, கடற்கரை இருந்தது. மாணவிகள் நாலைந்து பேருக்கும் சாபிராவுக்கும் ஒன்றும் இல்லை. தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகுவதுதான் பெண்கள் அங்கே முதலில் கற்றுக்கொண்ட பாடம். காலையில் வீட்டிலேயே காப்பியைப் பாதியோடு வைத்துவிடுவார்கள். சித்திரை வெயிலில், நெருப்பு எரிகிற மேஜை முன்னால், உதடு வெடிக்க நிற்பார்கள்.

சேர்ந்த முதல் மாதத்தில் ஒருநாள் சாபிராவால் முடியவில்லை. வகுப்பை நடுவில் விட்டுவிட்டுப் பின்வாசல் வழியாக வெளியே வந்தாள். கிடங்குக்குப் பின்னால் ஓட்டு வீடுகள் ஒரு வரிசை. துறைமுகத்தில் வேலை செய்கிறவர்களும் மீன்காரர்களும் குடியிருந்தார்கள். மூன்றாவது வீட்டு வாசலில் ஒருத்தி மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். பெயர் மங்கம்மா. புருஷன் குமாரவேல் துறைமுகத்தில் சுமைதூக்கி. இவள் காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கிறவள்.

"இன்னாம்மா வோணும்?" என்றாள் மங்கம்மா.

சாபிரா படியோரமாக வந்து நின்றாள். "கொஞ்சம் தண்ணி" என்றாள்.

மங்கம்மா அவள் நின்ற நிலையைப் பார்த்தாள். "தண்ணியா வோணும் ஒனக்கு? பின்னால போ. தகரக் கதவு. கொண்டி இல்ல, கைல புட்சிக்கோ."

அன்றிலிருந்து அந்தத் தகரக் கதவுதான் சர்வகலாசாலையின் பெண்களுக்கு ஆதரவு. மணியடித்ததும் மாணவிகள் இரண்டிரண்டு பேராகப் பின்வாசல் வழியாகப் போய் வருவார்கள். எடுப்புக் கக்கூஸ்தான், தோட்டிச்சி வந்து வாரிப் போகவேண்டும். ஒரு குடும்பத்துக்கு இருந்ததை ஆறேழு பேர் கூடுதலாகப் பயன்படுத்தினால் அவள் சும்மா இருப்பாளா? மங்கம்மாதான் அவளோடு சண்டை போட்டாள், சமாதானமும் செய்தாள். ஒருநாளும் சாபிராவிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. "பட்ச பொண்ணுங்கோ, ஒடம்ப கெட்துக்கினு இன்னாத்த பட்ச்சி இன்னா" என்று மட்டும் சொல்வாள். நோன்புப் பெருநாளுக்குச் சாபிரா சேமியா கொண்டுபோய்க் கொடுத்தாள். மங்கம்மா பதிலுக்கு வஞ்சிரக் கருவாடு கட்டிக் கொடுத்தாள்.

ஐம்பத்தொன்றாம் வருஷம் ஊரெல்லாம் ஐந்தாண்டுத் திட்டம், திட்டம் என்று பேச்சாக இருந்தது. சர்வகலாசாலைக்கும் சர்க்கார் மானியம் வந்தது. போதனைக் கருவிகளையும் கட்டட வசதிகளையும் அபிவிருத்தி செய்ய ஒரு கமிட்டி போட்டார்கள். தலைவர் புரொபசர் தண்டபாணி. நல்ல மனிதர், கோபப்படத் தெரியாதவர், மாணவர்கள் ஃபீஸ் கட்ட முடியாமல் நின்றால் தானே கட்டிவிடுகிறவர். பெண்கள் தரப்பில் ஒருவர் வேண்டும் என்று அவர்தான் சாபிராவின் பெயரைச் சேர்த்தார்.

அந்த மாதங்களைப் போலச் சந்தோஷமான மாதங்கள் சாபிராவுக்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. தராசுகளுக்குக் கடல் காற்று படாத கண்ணாடி அறை வேண்டும் என்றாள், ஒத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு மேஜைக்கும் குழாயும் தொட்டியும் வேண்டும் என்றாள்; சரி என்றார்கள். விஷ வாயுவை வெளியே இழுக்கப் புகைபோக்கி, மாணவர்களே எடுத்துப் படிக்கிற மாதிரி நூலகம், கடைசி வரிசைக்கும் தெரிகிற கரும்பலகை, எதைக் கேட்டாலும் தண்டபாணி தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார். வீட்டில் சோற்றில் கைவைத்தபடியே மேஜைகளை எப்படிப் போடலாம் என்று யோசிப்பாள். அத்தா, "சாப்பிட்டுட்டுக் கட்டடம் கட்டும்மா" என்பார்.

கடைசிக் கூட்டத்தில் தண்டபாணி, "பெண்களுக்கென்று தனியாக ஏதாவது வேண்டுமா? சொல்லும்மா" என்று கேட்டார்.

மேஜையைச் சுற்றி ஒன்பது ஆண்கள். இரண்டு பேர் அவள் அத்தாவை விட மூத்தவர்கள். எல்லோரும் பேனாவை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள். சாபிரா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். அந்த வார்த்தை தொண்டை வரை வந்தது.

"பெண்களுக்கு ஒரு தனி அறை வேண்டும், ஸார்" என்றாள்.

"இடைவேளையில் இருப்பதற்கா?"

"ஆமாம், ஸார். இருப்பதற்கு. மற்றதுக்கும்."

"ஓய்வறை" என்று சொல்லிக்கொண்டே அவர் எழுதினார். 'மற்றது' எழுத்தில் ஏறவில்லை. அவருக்குப் புரிந்திருக்கும் என்று சாபிரா நினைத்தாள். யாருக்குத்தான் புரியாது, எல்லார் வீட்டிலும் பெண்கள் இருக்கிறார்களே.

பிறகு இன்ஜினியர் வரைபடத்தை விரித்தார். புதுக் கட்டடம் பின்பக்கமாக நீள்கிறது. பின்னால் இருந்த வீட்டு வரிசை சின்னச் சின்னக் கட்டங்களாகப் போட்டு, மேலே பென்சிலால் கோடு அடிக்கப்பட்டிருந்தது. "இதெல்லாம் எடுத்துவிடுவோம். வீடுகளின் சொந்தக்காரர் ஒரே ஆள்தான், சம்மதித்துவிட்டார்" என்றார் இன்ஜினியர். சாபிரா மூன்றாவது கட்டத்தைப் பார்த்தாள். அங்கே குடியிருக்கிறவர்கள் எங்கே போவார்கள் என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் இன்ஜினியர் அதே மூலையில் விரலை வைத்து, "அம்மா கேட்ட ஓய்வறை இங்கே வரும். தெற்குப் பார்த்த ஜன்னல்" என்றார். எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள், அன்பாகத்தான். கேள்வி உள்ளேயே நின்றுவிட்டது. இப்போது குறுக்கே பேசினால் அறை போய்விடுமோ என்ற பயம்.

காலி செய்யச் சொல்லி ஆள் வந்துபோன அன்று மங்கம்மா சர்வகலாசாலைப் பின்வாசலில் வந்து நின்றாள். அதுவரை அவள் அந்தப் படியை மிதித்ததில்லை.

"டீச்சரம்மா, நீ உள்ள கீறவ. பெரியவுங்களாண்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? எங்க மாமனாரு காலத்துலேர்ந்து குடியிருந்துகினு கீறோம்."

"சொல்றேன் அக்கா" என்றாள் சாபிரா.

சொல்லவும் செய்தாள். தண்டபாணி வருத்தப்பட்டார். நஷ்டஈடு வீட்டுக்காரருக்குப் போய்விட்டது, வாடகைக்கு இருப்பவர்களுக்குச் சட்டத்தில் இடமில்லை, அதெல்லாம் ரெவின்யூ இலாகா பார்க்கிற விஷயம் என்றார். ஐம்பத்துமூன்று மாசி மாதத்தில் வீட்டு வரிசை இடிபட்டது. மங்கம்மா ஓடுகளை எண்ணி எடுத்து வண்டியில் அடுக்கினாள். சாபிரா வகுப்பு ஜன்னலில் நின்று பார்த்தாள். மங்கம்மா ஒருமுறை நிமிர்ந்து அந்த ஜன்னலைப் பார்த்துவிட்டு, மறுபடியும் ஓடு அடுக்கக் குனிந்துவிட்டாள்.

கட்டடம் எழும்புகிற வரை மாணவிகள் பட்ட பாட்டைச் சொல்லவேண்டாம். இன்னும் கொஞ்ச நாள்தான், அறை வந்துவிடும் என்று சாபிரா அவர்களைத் தேற்றிக்கொண்டே இருந்தாள்.

அறை வந்தது. ஐம்பத்துநாலில் திறப்பு விழா. கண்ணாடி அறைக்குள் புதுத் தராசுகள் மூச்சுப் பட்டால் அசைந்தன. குழாயைத் திருகினால் தண்ணீர் கொட்டியது. புகைபோக்கியைப் போட்டுக் காட்டியபோது விருந்தாளிகள் கைதட்டினார்கள். சாபிராவுக்குக் கண் கலங்கியது. பாதி அவள் கனவில் கட்டினது. விழா முடிந்து கூட்டம் கலைந்ததும் மாணவிகளைக் கூட்டிக்கொண்டு தெற்கு மூலைக்குப் போனாள். கதவின் மேல் 'பெண்கள் ஓய்வறை' என்று வார்னிஷ் பலகை. உள்ளே பிரம்பு நாற்காலிகள், சாய்வு மெத்தை ஒன்று, ஆளுயரக் கண்ணாடி, மேஜைமேல் பூச்சாடி, ஜன்னலுக்குப் பச்சைத் திரை. எல்லாம் அழகாகத்தான் இருந்தது. பெண்கள் இன்னொரு கதவைத் தேடினார்கள். இன்னொரு கதவு இல்லை.

அம்மு என்ற குறும்புக்காரப் பெண் சுவர் அலமாரியைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஒருவேளை இதுக்குள்ள இருக்குமோ, மிஸ்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சிரிப்பு நின்றுவிட்டது.

இன்ஜினியர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "ஓய்வறை என்றுதானே எழுதியிருந்தது, அம்மா? நாற்காலி, மெத்தை எல்லாம் போட்டிருக்கிறோமே. சாக்கடைக் குழாய் முன்பக்கம் வரைக்கும்தான் வருகிறது. தளம் போட்டாகிவிட்டது. இனி இடித்தால்தான் உண்டு." அந்த வார்த்தையை அவரிடமும் சாபிராவால் சொல்ல முடியவில்லை. அவர் தானாகப் புரிந்துகொண்டு தரையைப் பார்த்தார்.

முன்பு தகரக் கதவாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

அந்த வருஷம் ஆவுடையம்மாள் என்று ஒரு பெண் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தாள். தண்டையார்ப்பேட்டையில் மாமா வீட்டில் தங்கிப் படித்தாள். கூச்ச சுபாவம், கூர்மையான கை. அவள் அளந்து ஊற்றினால் ஒரு சொட்டு கூடாது, குறையாது. மற்றவர்கள் அக்கம்பக்கத்தில் எங்காவது கெஞ்சிக் கேட்டு ஒதுங்கிவிட்டு வருவார்கள். இவள் அதற்கும் போகமாட்டாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பாள். காய்ச்சல் வந்தது, போனது, மறுபடி வந்தது. ஒருநாள் தராசு அறையிலேயே மடங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் விசாரித்தார். "நீரை அடக்கி அடக்கிக் கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது. இந்த வயசுப் பெண்ணுக்கு இது வரவேண்டிய வியாதியே இல்லை. எங்கே படிக்கிறாள்?" என்று கேட்டார். சாபிரா சர்வகலாசாலையின் பெயரைச் சொன்னாள். டாக்டர் அவளை ஒருமாதிரியாகப் பார்த்தார்.

ஆவுடையம்மாள் பிழைத்தாள். ஆனால் ஒரு சிறுநீரகம் போய்விட்டது. படிப்பும் போய்விட்டது. சர்ட்டிபிகேட் வாங்க அவள் அப்பா வந்தார். படிப்பை நிறுத்துவதற்கான காரணத்தை உள்ளது உள்ளபடி எழுதலாம் என்று சாபிரா சொன்னாள்.

அவர் பதறிப்போனார். "வேண்டாம்மா. உடம்புக்குச் சொகமில்லைன்னு மட்டும் போடுங்க. நாளைக்கு அவளை ஒரு எடத்துல கொடுக்கணும்லா? இதைப் போய் எப்படி வெளிய சொல்ல?"

அப்படியே எழுதினார்கள்.

மறுவாரம் சாபிரா மங்கம்மாவைத் தேடிக்கொண்டு, அவள் குடிபோயிருந்த திருவொற்றியூருக்குப் போனாள். ரயில் பாதைக்குக் கிழக்கே மணலில் ஓலைக் குடிசைகள். மங்கம்மா வாசலில் மீனைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"மீனு வாங்க வந்தியா, பேச வந்தியா?"

சாபிரா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தானும் அந்தக் கமிட்டியில் இருந்ததை, வரைபடத்தைப் பார்த்தும் பேசாமல் இருந்ததை, அறையை, ஆவுடையம்மாளை. மங்கம்மா கை நிற்காமல் கேட்டாள்.

"கமிட்டில இன்னான்னு கேட்ட நீ?"

"ஓய்வறைன்னு."

"கக்கூஸுன்னு வாயில வர்லியா? அன்னிக்கு என் வூட்டாண்ட வந்து தண்ணி கேட்ட மேரியே கேட்டுக்கீற. நான் பொம்பள, பாத்தேன், புரிஞ்சிக்கினேன். அவுங்க ஆம்பளைங்கோ. அவுங்க இன்னாத்துக்கு ஒன் மூஞ்சியப் பாத்து புரிஞ்சிக்கப் போறாங்கோ?" ஒரு மீனை எடுத்துக் கூடைக்குள் எறிந்தாள். "என் வூட்ட இட்ச்சி ஒனக்கு மெத்த போட்டுகீறாங்கோ. இங்க வந்து பாரு. கோழி கூவறதுக்கு முன்னாடி கடலாண்ட போவணும், இல்லாங்காட்டி பொழுது சாயட்டும்னு ஒக்காந்துக்கினு இர்க்கணும். நானுந்தான் அடக்கிக்கினு கீறேன். எம் பொண்ணுந்தான் அடக்கிக்கினு கீது. போ. நல்லா இரு."

சாபிரா திரும்பி வரும்போது அழவில்லை. மறுநாள் காலை நேராகத் தண்டபாணியின் அறைக்குப் போய் நின்றாள்.

"ஸார், இந்தக் கட்டடத்தில் பெண்களுக்குக் கக்கூஸ் கட்டவேண்டும். அது இல்லாததால் ஆவுடையம்மாளுக்குச் சிறுநீரகம் போயிற்று. நான் கேட்டது ஓய்வறை இல்லை. கக்கூஸ்."

தண்டபாணி கண்ணாடியைக் கழற்றினார். காதுவரை சிவந்திருந்தார். "இதை அன்றைக்கே இப்படிச் சொல்லியிருக்கலாமே, அம்மா" என்றார்.

"சொல்லியிருந்தால் கட்டியிருப்பீர்களா?"

"தெரியவில்லை" என்றார். பொய் சொல்லாத மனிதர். "எழுதிக் கொடு. நானே கையெழுத்துப் போட்டு மேலே அனுப்புகிறேன்."

எழுதிக் கொடுத்தாள். அவர் அனுப்பவும் செய்தார். மேலே அது ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் போனது. யாரோ சாக்கடைக் குழாயின் தூரத்தை அளந்தார்கள். யாரோ தளத்தை இடிக்கக்கூடாது என்றார்கள். விழா மண்டபம் கட்டுகிற வேலை அதற்கு முன்னால் வரிசையில் நின்றது. ஐம்பத்தேழில் முடிவு வந்தது. சாபிரா எழுதியதை யாரும் மறுக்கவில்லை. ஒரு மாணவியின் உடல்நலம் கெட்டதை மிகுந்த வருத்தத்தோடு ஒத்துக்கொண்டிருந்தார்கள். ஆகையால், போதிய வசதிகள் ஏற்படுகிற வரை இரசாயனப் பகுதியில் இனிமேல் பெண்களைச் சேர்ப்பதில்லை என்று தீர்மானித்திருந்தார்கள்.

தண்டபாணி அதை அவளிடம் படித்துக் காட்டிவிட்டு, "பெண்களின் நல்லதுக்குத்தான் என்று நினைத்துச் செய்திருக்கிறார்கள்" என்றார். சாபிரா, "ஆமாம், ஸார்" என்றாள். ஓய்வறையில் பரீட்சை விடைத்தாள் கட்டுகளை அடுக்கத் தொடங்கினார்கள். பிரம்பு நாற்காலிகள் ஆபீஸுக்குப் போயின.

அந்த ஆனி மாதம் அட்மிஷன் மேஜையில் சாபிராவை உட்காரவைத்தார்கள். வரிசையில் காலடிப்பேட்டையிலிருந்து ஒரு தாயும் மகளும் வந்து நின்றார்கள். தாய் செல்லம்மா, தீப்பெட்டித் தொழிற்சாலையில் குச்சி அடுக்குகிறவள், விரல் நுனியெல்லாம் மருந்துக் கறை. மகளின் மதிப்பெண்களைச் சாபிரா இரண்டு தரம் பார்த்தாள். முந்தைய எந்த வருஷமானாலும் முதல் பெயராகச் சேர்த்திருப்பாள்.

"இங்கே பெண்களைச் சேர்ப்பதில்லை, அம்மா."

"ஏம்மா, இத்தினி பெரிய பில்டிங்குல எடமில்லியா?"

"இடம் இருக்கிறது. பெண்களுக்குக் கக்கூஸ் இல்லை. அதனால் சேர்ப்பதில்லை."

வரிசையில் இருந்த பையன்கள் சிரித்தார்கள். செல்லம்மா சிரிக்கவில்லை. இந்த அம்மாள் விளையாடுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தாள். பிறகு மேஜைமேல் குனிந்து, ரகசியம் போலச் சொன்னாள்.

"எங்க வூட்லயே கெடயாதும்மா அது. அவ பொறந்ததிலேர்ந்து இல்லாமத்தான வளந்தா. இல்லாமத்தான பஸ்ட்டா வந்தா. அடக்கிப்பாம்மா. அப்டித்தான் வளத்துகீறேன். ஒரு தொந்தரவும் குடுக்கமாட்டா. சேத்துக்கோ."

அந்தப் பெண் தலைகுனிந்து நின்றாள். காது மடல் சிவந்திருந்தது. சாபிரா மதிப்பெண் தாளை மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்தாள். குமாஸ்தா அடுத்த பெயரைக் கூப்பிட்டார். ஒரு பையன் முன்னால் வந்தான்.

செல்லம்மா போகவில்லை. பெரியவரைப் பார்த்துக் கேட்டுவிட்டுப் போகிறேன் என்று மகளை இழுத்துக்கொண்டு தண்டபாணியின் அறைக்கு வெளியே வராந்தாவில் உட்கார்ந்துவிட்டாள். மத்தியானம் ஆயிற்று. புதுக் குழாயில் தண்ணீர் குடிக்கச் சொல்லிச் சாபிரா பியூனை அனுப்பினாள். வேண்டாம் என்று அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டாள் என்று அவன் வந்து சொன்னான். சாயங்காலம் ஆபீஸைப் பூட்டுகிற நேரத்தில்தான், புரொபசர் மத்தியானமே பின்வாசல் வழியாகப் போய்விட்டார் என்று அவர்களுக்குத் தெரிந்தது.